லமலேரா மீனவரின் உடைமை

உடைமை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவில் எழுவன நிலமும் வீடும், ஆடுமாடுகளும், பொன்னும் பொருளுமேயாம். நிலத்திற்கு எல்லைக்கல் உண்டு. வீட்டிற்குச் சுவர் உண்டு. இரண்டிற்கும் பத்திரம் உண்டு. ஆனால், கடலை நம்பி வாழும் மக்களின் நிலை யாது? அலைமீது எல்லைக்கல் நாட்ட இயலுமோ? நீந்தித் திரியும் மீன், கையில் அகப்படும் வரையில் எவருக்கும் உரியதன்று. அவ்வாறாயின், கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் 'எனது', 'உனது' என்னும் சொற்கள் எதனைக் குறிக்கும்? இவ்வினாவுக்கு இந்தோனேசியாவில் உள்ள ஒரு மீனவர் சிற்றூர் தரும் விடையை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இந்தோனேசியா 17,000-க்கு மேற்பட்ட தீவுகளைக் கொண்ட நாடு. அதன் தென்கிழக்கே, புளோரெஸ் தீவிற்கும் கிழக்கில், லெம்பாட்டா என்ற தீவு இருக்கிறது. முன்னாளில் இதனை லொம்பிளென் என்றும் வழங்கினர். இத்தீவின் தென்கரையில், மலைச்சரிவு கடலைத் தொடும் இடத்தில், லமலேரா என்னும் ஊர் அமைந்துள்ளது. கல்லும் பாறையும் மலிந்த மண்ணாதலால் அங்கே பயிர்த்தொழில் பெரிதாக நடைபெறுவதில்லை. கடலிற் பிடிப்பதே உணவு. அதனை மாற்றிப் பெறுவதே தானியம். தம் முன்னோர் வாழ்ந்த சிறு தீவைப் பேரலை அழித்துவிட்டதென்றும், படகேறித் தப்பி வந்தவர்களே இவ்வூரை அடைந்தனர் என்றும் அம்மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அவர்கள் வரும் முன்னரே அம்மண்ணில் வாழ்ந்திருந்த குடியினரை இன்றும் 'நிலத்தின் தலைவர்' என்று போற்றுகின்றனர். 1886-ஆம் ஆண்டில் அவ்வூரில் முதன்முதலாக ஞானஸ்நானம் நிகழ்ந்தது. இன்று ஊரார் கத்தோலிக்க சமயத்தவர்.

இவ்வூரின் முதற்பெரும் உடைமை படகு. 'தேனா' என்று அவர்கள் அழைக்கும் இப்படகு சுமார் 10 மீட்டர் நீளமுடையது. பலகைகளை இரும்பாணியால் பிணைப்பதில்லை. மரமுளைகளை இறுக்கி, உட்புறச் சட்டங்களோடு கயிற்றால் கட்டுகின்றனர். பாய், பனையினத்து ஓலையைக் கீறி முடைந்தது. பாயின் ஒவ்வொரு பகுதியையும் பங்காளிகள் தத்தமக்குரிய கடமையாக முடைந்து கொடுப்பர் என்பது கருதத்தக்கது. ஏனெனில், படகு தனி ஒருவனுக்குச் சொந்தமானதன்று. ஒரு குலக்கிளையினர் கூடி அதனைக் கட்டுகின்றனர்; மரம் கொடுத்தவரும் உணவளித்தவரும் உழைத்தவரும் அதில் உரிமை பெறுகின்றனர். கரையோரத்தில் ஓலை வேய்ந்த கொட்டில்கள் வரிசையாக நிற்க, அவற்றினுள் படகுகள் பெயர் தாங்கி உறங்குகின்றன.

மே மாதம் முதல் நாள் கரையில் வழிபாடு நடத்திப் பருவத்தைத் தொடங்குவர். அதற்கு முன்னரே, நிலத்தின் தலைவர் குடியினர் மலையில் உள்ள திமிங்கில வடிவப் பாறையருகே தம் பழைய சடங்கைச் செய்வர். அக்டோபர் வரையில் நாள்தோறும் படகுகள் கடலை நாடும். தலையில் எண்ணெய் தேங்கிய, பற்களையுடைய பெருந்திமிங்கிலமே அவர்களின் தலையாய வேட்டை. படகின் முன்பக்கத்தில் நீட்டிய மூங்கில் மேடை மீது ஈட்டி எறிபவன் நிற்பான். அவனை 'லமாஃபா' என்பர். திமிங்கிலம் நெருங்கியதும் அவன் ஈட்டியைக் கையால் வீசிவிட்டு நிற்பதில்லை. தன் உடலின் பாரம் முழுவதையும் அதன்மேல் செலுத்தியவாறே கடலில் பாய்கிறான். பின்னர் மணிக்கணக்கில் போராட்டம். திமிங்கிலத்தின் வால் ஒருமுறை புடைத்தால் படகு சிதறும். ஓடும் கயிற்றில் கால் சிக்கினால் உயிர் போகும்.

இத்துணை இடர்ப்பட்டுக் கரைசேர்த்த திமிங்கிலம் யாருக்கு உரியது? ஈட்டி எறிந்தவனுக்கா? துடுப்பு வலித்தவர்க்கா? படகுடையார்க்கா? அனைவர்க்கும் உரியது என்பதே விடை. ஆயினும் அனைவர்க்கும் ஒன்றுபோல உரியதன்று. அவ்வுடலின் எப்பகுதி எவர்க்குச் சேரவேண்டும் என்பது, திமிங்கிலம் கடலில் தோன்றுவதற்கு முன்னரே முடிவாகியுள்ளது. ஒரு பகுதி படகின் உரிமையாளர்களுக்கு. ஒரு பகுதி அன்று கடலுக்குச் சென்றவர்களுக்கு. ஈட்டி எறிந்தவனுக்கு ஒரு பங்கு. படகைக் கட்டிய தச்சனுக்கும், ஈட்டி முனையை வடித்த கொல்லனுக்கும், பாய் அமைத்தவனுக்கும் தனித்தனிப் பங்கு. கடலில் காலே வைக்காத நிலத்தின் தலைவர் குடிக்கும் ஒரு பங்கு உண்டு. தம் முன்னோர்க்கு இடந்தந்த நன்றியைப் புதுக்குடியினர் இன்றளவும் இறைச்சியாக அளந்து தருகின்றனர் எனலாம்.

கரையில் பிரித்த பங்கு வீடு சென்றதும் அங்கேயே தங்கிவிடுவதில்லை. உறவினர்க்கும், அண்டை வீட்டார்க்கும், ஆண்துணை இழந்த குடும்பங்களுக்கும் மீண்டும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. கணவனைக் கடலுக்குப் பறிகொடுத்த பெண் கையேந்தி நிற்க வேண்டியதில்லை. அவளுக்குச் சேரவேண்டியது அவளுடைய வீட்டை நாடி வருகிறது. நாளும் உயிரைப் பணயம் வைக்கும் ஊரில் இவ்வழக்கம் எத்துணை இன்றியமையாதது என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை.

ஆடவர் கொணர்ந்ததைத் தானியமாக மாற்றுவது பெண்டிரின் பணி. வெயிலில் உலர்த்திய இறைச்சியையும் மீனையும் தலையிற் சுமந்து மலையூர்களுக்குச் செல்கின்றனர். மக்காச்சோளம், மரவள்ளிக் கிழங்கு, வாழைப்பழம் முதலியன பெற்று மீள்கின்றனர். அருகிலுள்ள வுலாண்டோனி என்னும் ஊரின் வாரச் சந்தையிலும் பண்டமாற்றே நெடுங்கால வழக்கம். காசின் மதிப்பு ஏறலாம், இறங்கலாம். ஆனால் மலையூரானுக்கு மீனும் கடலூரானுக்கு சோளமும் என்றும் வேண்டியிருத்தலால் இம்முறை நிலைத்து வந்துள்ளது.

இவர்களிடையே செல்வம் என்று போற்றத்தக்கன இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, பெண்டிர் நூலை முடிச்சிட்டுச் சாயம் தோய்த்து நெய்யும் துணி. மற்றொன்று யானைத் தந்தம். யானையே இல்லாத அத்தீவுக்குத் தந்தம் வந்தது வணிகரின் மரக்கலங்கள் வழியாகத்தான். திருமணத்தில் மணமகன் வீட்டார் தந்தம் அளிப்பர். மணமகள் வீட்டார் துணியைக் கைம்மாறாக அளிப்பர். நம் குஜராத்தில் நெய்த பட்டோலாத் துணிகளும் முற்காலத்தில் அங்குச் சென்று குலச் சொத்துகளாகப் பேணப்பட்டன. அவற்றின் கோலங்கள் அவ்வூர்த் தறிகளிலும் இடம்பெற்றுள்ளன. தந்தமும் துணியும் பெட்டியில் பூட்டி வைப்பதற்கு மட்டும் உரியவை அல்ல. குலத்தையும் குலத்தையும் பிணைத்துக் கைமாறிச் செல்வதற்கு உரியவை.

படகு அழிந்தால் உரிமையும் அழியுமோ எனில், அழியாது. 1994-ஆம் ஆண்டில் திமிங்கிலம் படகுகளை ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்றது. அவற்றில் இருந்தோர் நாட்கணக்கில் அலைந்து, வழியே வந்த கப்பலால் மீட்கப்பட்டனர். ஆட்கள் மீண்டனர், படகுகள் மீளவில்லை. அவ்வாறு படகை இழந்தவர்கள், இறந்த உறவினருக்குப் போலவே அதற்குத் துக்கம் காக்கின்றனர். பின்னர்ப் புதிய படகைக் கட்டிப் பழைய பெயரையே சூட்டுகின்றனர். மரம் புதிது, பெயரும் அதனைச் சார்ந்த பங்குரிமையும் பழையன.

இக்காலத்தில் இவ்வேற்பாட்டைச் சோதிக்கும் ஆற்றல்கள் இரண்டு. முதலாவது, எந்திரம். வெளிப்புற எந்திரம் பூட்டிய சிறு படகுகள் இப்போது தேனாக்களைக் கட்டி இழுத்துச் செல்கின்றன. மிதவை வலைகளும் வந்துவிட்டன. எந்திரம் விரைவு தருகிறது. இடரையும் ஓரளவு குறைக்கிறது. ஆனால், ஓலைப் பாயைப் பங்காளிகள் கூடி முடைந்துவிடலாம். எரிபொருளைக் காசு கொடுத்தே வாங்க வேண்டும். காசு உடையவன் கை ஓங்குமிடத்தில், கடற்பயணத்தில் உழைத்தவனுக்கும் ஊரிலுள்ள கைம்பெண்ணுக்கும் உரிய பங்கு குறையாதிருக்குமா என்பது ஊரார் தீர்க்க வேண்டிய கணக்கு.

இரண்டாவது, சட்டம். 2007-ஆம் ஆண்டில் இந்தோனேசிய அரசு இயற்றிய சட்டம் ஒன்று, கரையோர நீர்ப்பரப்பைப் பயன்படுத்தும் உரிமையைத் தனியார்க்கும் நிறுவனங்களுக்கும் வழங்க வழிசெய்தது. அவ்வுரிமையைக் கைம்மாற்றவும் அடைமானம் வைக்கவும் இயலும் என்றிருந்தது. கடல் இவ்வாறு துண்டுபட்டால் பரம்பரை மீனவர் எங்குச் செல்வர் என்று மீனவர் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2011-ல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அப்பகுதிகளைச் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. மற்றொரு புறம், திமிங்கிலங்கள் அந்நாட்டுச் சட்டத்தால் காக்கப்பட்டவை. 2009-ல் ஸவூ கடலைப் பாதுகாப்புப் பகுதியாக அரசு அறிவிக்க முனைந்தபோது லமலேரா மக்கள் எதிர்த்தனர். 2014-ல் 33 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு தேசியப் பூங்காவாக நிறுவப்பட்டபோது அவர்களின் வேட்டைக் கடல் அதில் சேர்க்கப்படவில்லை. அதே 2014-ல் நாடெங்கும் மந்தா என்னும் பெருந்திருக்கையைப் பிடிப்பது தடைசெய்யப்பட்டது; அதுவும் லமலேராவின் பழைய உணவுகளில் ஒன்று.

பெருங்கடலின் அரிய உயிர்கள் அருகிவிடாமல் காப்பதும் அறமே. தலைமுறை தலைமுறையாக உண்டு வந்தவனின் கலத்தைக் காப்பதும் அறமே. இவ்விரண்டையும் ஒருங்கே நிறுத்துவது எளிதன்று. எனினும், தீர்வு காண முற்படுவோர் ஒன்றை மறத்தலாகாது. அவ்வூரில் ஒரு திமிங்கிலம் வெறும் இறைச்சிக் குவியல் அன்று. தச்சனின் கூலியும், கொல்லனின் கூலியும், நிலத்தின் தலைவருக்குச் செலுத்தும் நன்றியும், கைம்பெண்ணின் சோளமும் அதன் உடலிலேயே எழுதப்பட்டுள்ளன. வேட்டையை நிறுத்தச் சொல்பவர், இத்தனை பேருக்கும் உரிய பங்கை வேறு எவ்வழியில் வழங்குவது என்றும் உடன் சொல்ல வேண்டும். அவ்வாறு கேட்கும் உரிமையே லமலேரா மக்களின் பெரிய உடைமை.