தீவன மூட்டையும் சினை பிடிக்காத கிடேரியும்

செயற்கைமுறைக் கருவூட்டல், அதாவது கறவைக்காரர்கள் சினை ஊசி என்று சொல்வது, பலமுறை செய்தும் கிடேரிக்குச் சினை நிற்காதபோது, குற்றம் மாட்டின் மீதோ ஊசியின் மீதோ சுமத்தப்படுகிறதே தவிர, அது தின்ற மக்காச்சோளத்தை யாரும் விசாரிப்பதில்லை. விசாரிக்க வேண்டும், ஏனெனில் ஃபியூசேரியம் என்னும் பூஞ்சை, கதிர் முற்றும் காலத்தில் மழையும் குளிர்ச்சியும் சேர்ந்தால் வயலிலேயே தானியத்தைப் பற்றி, ஜீரலினோன் என்ற நச்சை உண்டாக்குகிறது. ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை இயக்குநீர் பொருந்த வேண்டிய ஏற்பிகளில் இந்நச்சு போய்ப் பொருந்திக்கொள்வதால், விலங்கின் உடல் அதைத் தன் சொந்த இயக்குநீராகவே எடுத்துக்கொள்கிறது.

இதற்கு முதலில் பலியாவது பன்றி. பருவமெய்தாத பெண் குட்டிகளுக்குப் பிறப்புறுப்பு சிவந்து வீங்கி, மடிக்காம்புகள் பருக்கின்றன; வளர்ந்தவற்றில் சினைப்பருவச் சுழற்சியே நின்று, சினையில்லாமல் சினைபோல் தோன்றும் பொய்ச்சினை ஏற்படுகிறது. அமெரிக்காவில் 1928இலேயே பதிவான இக்குறிகளுக்குக் காரணமான நச்சின் வேதியமைப்பு 1966இல்தான் தெளிவாயிற்று. அசைபோடும் பசு இதை ஓரளவு தாங்கும் என்றாலும், கிடேரிகளில் சினைபிடிப்பு குறையக்கூடும். கொதிக்க வைப்பதால் இந்நச்சு அழிவதில்லை. மற்றொரு பூஞ்சை நச்சான அஃப்ளாடாக்சினைத் தீவனத்தில் கலந்தால் நன்கு பிடித்துக்கொள்ளும் பெண்டோனைட் களிமண்ணும் ஜீரலினோனிடம் பெரிதாகப் பலிப்பதில்லை.

தானியங்களிலும் பிண்ணாக்கிலும் வரும் அஃப்ளாடாக்சின் பாலிலும் இறங்குவதால், பெங்களூரின் தொம்மலூரில் பால் பாக்கெட் வாங்கும் குடும்பத்துக்கும் இதில் பங்குண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் நடத்திய ஆய்வில், 6,432 பால் மாதிரிகளுள் 368இல், பாலில் காணும் அதன் வடிவமான அஃப்ளாடாக்சின் எம்1 வரம்பை மீறியிருந்தது. வாங்கிய பாலைக் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 40ஆம் பிரிவு வாங்குபவருக்கு அளிக்கிறது.

கலப்புத் தீவனத்துக்கான ஐ.எஸ். 2052 என்ற இந்தியத் தரநிலை அஃப்ளாடாக்சின் பி1-க்கு 20 பிபிபி, அதாவது நூறு கோடியில் 20 பங்கு, என வரம்பு வைத்திருக்கிறது. அதற்குள் அடங்கிய தீவனத்தில் ஜீரலினோன் இல்லை என்று அதனால் பொருளாகாது. ஐரோப்பிய ஒன்றியமோ 2006இலேயே கறவை மாட்டுத் தீவனத்தில் ஜீரலினோனுக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்ற வழிகாட்டு அளவை வகுத்தது.

கெட்ட தீவனத்தால் இழப்படைந்தவர் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பிழைப்புக்காகத் தாமே மாடு வளர்ப்பவரை வணிக நோக்கத்தவர் என்று ஒதுக்க இயலாது. ஆனால் மூட்டை தீர்ந்தபின் சான்று ஏது? நச்சு மூட்டை முழுதும் சீராகப் பரவாது என்பதால், பல மூட்டைகளின் அடி, நடு, மேல் என எல்லா இடத்திலிருந்தும் சிறிது சிறிதாக எடுத்துக் கலந்து, உலர்ந்த துணிப்பையில் கட்டி, தொகுதி எண்ணும் தேதியும் எழுதி, ஒரு பாதியை ஆய்வகத்துக்கு அனுப்பி, மறுபாதியை ரசீதுடன் முத்திரையிட்டு வைக்க வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. தொம்மலூருக்குச் சில கிலோமீட்டர் தொலைவில், ஆடுகோடியில், தேசிய கால்நடை உணவூட்ட, உடலியங்கியல் நிறுவனம் 1995 முதல் இயங்குகிறது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுப்பதற்கான கெடு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்.