வாய் தவறினால் எதிரணிக்குக் கொண்டாட்டம்!
தலைவர்களைத் தவிக்கவிட்ட பிரசார மேடைகள்

புது தில்லி: எதிரணியைத் தாக்கப் போய்ச் சொந்தக் கட்சியையே தாக்கிவிட்டுத் தவித்த தலைவர்கள் பலர் உண்டு. பெயர் மாறினால் சிரித்துவிட்டு மறந்துவிடும் வாக்காளர்கள், நம்பிக்கை சார்ந்த விஷயத்தில் நாக்கு தவறினால் எளிதில் விடுவதில்லை.

கர்நாடக சட்டப்பேரவைத் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட 2018 மார்ச் 27 அன்று, தாவணகெரேயில் அப்போதைய பா.ஜ.க. தலைவர் அமித் ஷா நிருபர்களைச் சந்தித்தார். ஊழல் அரசுகளுக்குப் போட்டி வைத்தால் எடியூரப்பா அரசுக்கே முதலிடம் கிடைக்கும் என்றார். முதல்வர் வேட்பாளரான எடியூரப்பாவோ பக்கத்திலேயே அமர்ந்திருந்தார். அருகில் இருந்தவர் சுட்டிக்காட்டியதும், "சித்தராமையா அரசு" எனத் திருத்திக்கொண்டார் ஷா. அந்த வீடியோவைக் காங்கிரஸார் உடனே பரப்பினர்.

அதே பிரசாரத்தில் ஷாவின் இந்திப் பேச்சைக் கன்னடத்தில் மொழிபெயர்த்த பிரகலாத் ஜோஷி எம்.பி., ஏழைகளுக்கும் தலித்துகளுக்கும் மோடி எதுவும் செய்யமாட்டார் என்று சொல்லிவிட்டார்.

சித்தராமையாவும் தப்பவில்லை. மளவள்ளி தொகுதியில் நடந்த வளர்ச்சிப் பணிகளுக்குக் காரணம் நரேந்திர மோடி என்றார். அவர் சொல்ல நினைத்ததோ தமது கட்சி வேட்பாளர் நரேந்திரசுவாமியின் பெயரை!

தேர்தலில் பா.ஜ.க. 104 இடங்களைப் பெற்றுத் தனிப்பெரும் கட்சியானது. மளவள்ளியில் நரேந்திரசுவாமி தோற்றார். எனினும், இவற்றுக்கு நாக்குப் பிழைதான் காரணம் என யாரும் கூறவில்லை.

பழைய சின்னம்

2020 மார்ச்சில் காங்கிரஸிலிருந்து விலகி பா.ஜ.க.வில் சேர்ந்தவர் ஜோதிராதித்ய சிந்தியா. அதே ஆண்டு மத்தியப் பிரதேச இடைத்தேர்தலில், டப்ரா தொகுதி பா.ஜ.க. வேட்பாளர் இமர்தி தேவிக்கு வாக்குக் கேட்டபோது, பழைய பழக்கத்தில் கை சின்னத்தைக் குறிப்பிட்டுவிட்டு, அவசரமாகத் தாமரைக்கு மாறினார். இமர்தி தேவி தோல்வியடைந்தார்.

2024 மக்களவைத் தேர்தலில், நவாதா கூட்டத்தில் பிரதமர் மோடி மேடையில் இருக்க, கூட்டணிக்கு 4,000-க்கும் அதிகமான எம்.பி.க்கள் கிடைப்பார்கள் என்றார் பிகார் முதல்வராக இருந்த நிதீஷ்குமார். மக்களவையின் மொத்த இடங்களே 543தான். ஆனாலும், நவாதாவில் பா.ஜ.க.வே வென்றது.

உண்ணாவிரதப் பரிகாரம்

புரியில் நடந்ததோ வேறு வகை. 2024 மே 20 அன்று, மோடி ஜகந்நாதரின் பக்தர் என்று சொல்ல வந்த பா.ஜ.க. வேட்பாளர் சம்பித் பாத்ரா, ஜகந்நாதரே மோடியின் பக்தர் என்று கூறிவிட்டார். முதல்வராக இருந்த நவீன் பட்நாயக் கடும் கண்டனம் தெரிவித்தார். வாக்குப்பதிவுக்கு ஐந்தே நாட்கள் இருந்தன. பாத்ரா மன்னிப்புக் கேட்டதுடன், பரிகாரமாக மூன்று நாள் உண்ணாவிரதமும் அறிவித்தார். முடிவில் அவரே வெற்றி பெற்றார்.

சொல்லாத சொல்

வாய் தவறாதவர்களும் சிக்குவதுண்டு. ஒருபுறம் உருளைக்கிழங்கைப் போட்டால் மறுபுறம் தங்கம் வரும் என்று 2017-ல் குஜராத் பிரசாரத்தில் ராகுல் காந்தி பேசியதாக ஒரு வீடியோ பரவியது. மோடி அப்படி வாக்குறுதி தந்ததாகச் சொல்லித்தான் ராகுல் கேலி செய்திருந்தார். அந்தப் பகுதியை வெட்டிவிட்டே வீடியோவை உலவவிட்டனர். மேடையில் செய்த பிழையை அங்கேயே திருத்தலாம். வெட்டி ஒட்டிய பேச்சைத் திருத்தப் பேசியவரால் முடிவதில்லை. முழுப் பேச்சையும் கேட்பதே வாக்காளருக்குள்ள வழி.