இரண்டு இருந்தும் அதிர்வில்லையா?

பகுதி நேர வேலைச் சம்பளத்தில் என் பழைய காடியில் இரண்டு சப்வூஃபர்கள் பொருத்தினேன். உறுமியின் அதிர்வு மட்டும் வரவில்லை! புதியது வாங்கக் கிளம்புமுன் ஒன்றின் கம்பியைக் கழற்றிப் பார்த்தேன். ஒலி கூடியது!

காரணம், ஒன்றில் மட்டும் நேர்முனையும் எதிர்முனையும் மாறியிருந்தன. ஒரு கூம்பு முன்னே வர, மற்றது பின்னே போனது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அருகருகே உள்ள இரண்டும் எதிரெதிராக அசைந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும்.

சோதிக்க 1.5 வோல்ட் மின்கலம் போதும். ஆம்பிளிபயரிலிருந்து கம்பிகளைக் கழற்றி, இரண்டிலும் நேர்முனையோடு நேர்முனை சேர்த்து ஒரு நொடி தொடுங்கள். இரு கூம்புகளும் முன்னே வரவேண்டும். பின்னே போவதன் முனைகளை மாற்றுங்கள்.

நான் மாற்றினேன், உறுமி பேசியது, பணமும் மிஞ்சியது!