பிரெஞ்சுக் கற்கையும் பிரெஞ்சுமொழி உலகமும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஒருகாலத்தில் 'பிரெஞ்சுத் துறை' என வழங்கிய துறைகள், இன்று 'பிரெஞ்சும் பிராங்கொபோன் கற்கைகளும்' என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றன. பிராங்கொபோன் என்பது பிரெஞ்சு மொழி பேசுகின்ற எனப் பொருள்படுவது. பெயரில் நேர்ந்த இம்மாற்றம் நிர்வாகம் சார்ந்த ஒன்று மட்டுமன்று. பிரெஞ்சைச் சிறப்புப் பாடமாகக் கொள்ளும் மாணவர் எதனைக் கற்கின்றனர், அதனை ஏன் கற்க வேண்டும் என்னும் வினாக்கள் இரண்டும் அப்பெயரிலுள்ள எண்ணும்மையில் அடங்கியுள்ளன. அவற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

இப்பட்டப்படிப்பின் அமைப்பு எளிதில் விளங்கக்கூடியது. தொடக்க ஆண்டுகளில் இலக்கணம், ஒலியியல், உரையாடல், கட்டுரை வரைதல் ஆகியன பயிற்றப்படும். பின்னர் இலக்கியம், மொழியியல், திரைப்படம், சமூக வரலாறு என்பன இடம்பெறும். பிரெஞ்சு வழங்கும் நாடொன்றில் சில மாதங்களேனும் தங்கிப் பயிலுதலும் பெரும்பாலும் வலியுறுத்தப்படும். பழைய பாடவிதானமோ கோர்னேய், மொலியேர், ரசீன் ஆகியோரின் நாடகங்களிலிருந்து 19ஆம் நூற்றாண்டு நாவல்கள் வரை சென்று, பிரான்சின் எல்லையையே தன் எல்லையாகக் கொண்டிருந்தது. ஒரு நாடு, ஒரு மொழி, ஓர் இலக்கியம் என்பதே அதன் அடிப்படை எடுகோள்.

அவ்வெடுகோள் பிரான்சுக்கே முற்றும் பொருந்துவதன்று. 1539ஆம் ஆண்டின் விலே கொத்தரே ஆணை, நீதிமன்ற ஆவணங்களில் இலத்தீனை விலக்கிப் பிரெஞ்சை அமர்த்தியது. 1635இல் பிரெஞ்சு அக்கடமி நிறுவப்பட்டது. எனினும், 1794இல் புரட்சி அரசின் மன்றத்தில் கிறெகுவார் பாதிரியார் சமர்ப்பித்த அறிக்கையின்படி, இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட மக்களுள் பிரெஞ்சைச் செம்மையாகப் பேசவல்லோர் ஏறத்தாழ 30 இலட்சம் பேரே. ஏனையோர் பிறெத்தோன், பாஸ்க், ஒக்சித்தான் முதலிய மொழிகளையும் வட்டார வழக்குகளையும் பேசினர். 1881, 1882ஆம் ஆண்டுகளிற் கட்டாய இலவசக் கல்விச் சட்டங்களைக் கொண்டுவந்த ஜூல் பெரியே, குடியேற்ற விரிவாக்கத்தையும் முன்னின்று ஆதரித்தார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. உள்நாட்டு உழவரின் பிள்ளைகளுக்கும் ஆபிரிக்கப் பிள்ளைகளுக்கும் பிரெஞ்சு, பள்ளிக்கூடத்தின் வாயிலாக வந்த அரசின் மொழியே. புவியியலாளர் ஒனேசிம் ரெக்ளு 'பிராங்கொபோனி' என்னும் சொல்லை ஆக்கியதும் 1880ஆம் ஆண்டிலேயாம்.

ஆயினும், ஆள்வோர் தந்த மொழி ஆள்வோர் எண்ணியவாறே நின்றுவிடவில்லை. 1930களிற் பரிஸில் மாணவராயிருந்த மார்ட்டினிக்கின் எமே செசேர், செனகலின் செங்கோர், கயானாவின் தமாஸ் ஆகியோர் கறுப்பினத்தாரின் தன்மானத்தை அம்மொழியிலேயே முழங்கினர். நெக்ரித்தூட் என அறியப்பட்ட அவ்வியக்கத்தின் வீறு பெரிது. எனினும், வர்க்க முரண்பாடுகளை மறைத்து இனத்துக்கு மாறாத சாரமொன்றைக் கற்பித்தது என்ற விமர்சனமும் அதன்மீது எழுந்தது. 1952இல் வெளிவந்த தமது முதல் நூலை மொழி பற்றிய அத்தியாயத்துடனேயே தொடங்கிய பிரான்ஸ் பனோன், குடியேற்றவாதியின் மொழியைப் பேசுதல் அவனது உலகையும் பண்பாட்டையும் ஏற்பதாகும் என்பதனைத் தெளிவாக்கினார்.

படைப்பாளிகள் இச்சிக்கலை ஒரே வழியில் எதிர்கொண்டாரல்லர். ஐவரி கோஸ்டின் அகமது குரூமா, தமது தாய்மொழியாகிய மலிங்கேயின் ஓசையையும் தொடரமைப்பையும் பிரெஞ்சினுள்ளே புகுத்தினார். பிரான்சின் பதிப்பகங்கள் ஏற்க மறுத்த அந்நாவல் 1968இல் மொன்றியலில் வெளியாகி, 1970இலேயே பரிஸில் அச்சேறியது. மார்செய் துறைமுகத் தொழிலாளியாயிருந்த செம்பேன் உஸ்மான், 1947-48இன் டாக்கர்-நைஜர் ரயில்வே வேலைநிறுத்தத்தை 1960இற் பிரெஞ்சு நாவலாக்கினார். ஆனால் தம் மக்களிற் பெரும்பாலோர் அந்நூலைப் படிக்கவியலாதவர் என உணர்ந்து திரைப்படத்தை நாடிய அவர், 1968இல் 'மந்தாபி'யை வொலொவ் மொழியில் உருவாக்கினார். கனடாவின் கியூபெக்கிலோ நிலை வேறு. ஆங்கிலத்தின் மேலாதிக்கத்துக்கு எதிரான மக்கள் மொழியாகப் பிரெஞ்சு அங்கு நின்றது. 1977ஆம் ஆண்டின் 101ஆம் இலக்கச் சட்டம் அதன் வெளிப்பாடாகும். ஆகவே, ஒரு மொழி அடக்குமுறையின் கருவியா விடுதலையின் கருவியா என்பது அம்மொழியின் இயல்பாலன்றி, அது வழங்கும் சமுதாயத்தின் அதிகார உறவுகளாலேயே தீர்மானிக்கப்படுகின்றது எனலாம்.

இவ்வுறவுகள் இன்றும் மாறியவண்ணமே உள்ளன. பிரெஞ்சுமொழி நாடுகளின் அனைத்துலக அமைப்பு, 2022இல் அம்மொழி பேசுவோரை 32 கோடி 10 இலட்சம் என மதிப்பிட்டது. நாள்தோறும் அதனைப் பயன்படுத்துவோரிற் பெரும்பான்மையோர் ஆபிரிக்கராவர். அதேவேளை, 2023இல் மாலியின் புதிய அரசியலமைப்பு பிரெஞ்சின் அரசகரும மொழித் தகுதியை நீக்கியது. அவ்வமைப்புக்கு 1970இல் அடித்தளம் இடப்பட்ட நியாமே நகர் நைஜரின் தலைநகராகும். அந்த நைஜரே 2025 மார்ச்சில் மாலி, புர்க்கினா பாசோ ஆகியவற்றுடன் சேர்ந்து அதிலிருந்து விலகுவதாக அறிவித்தது.

இத்துணை விரிந்த கற்கைநெறி, அமெரிக்காவில் இன்று நிலைபெறப் போராட வேண்டியுள்ளது. 2016க்கும் 2021க்கும் இடையில் அங்கு பிறமொழி பயில்வோர் தொகை 16.6 வீதத்தாற் குறைந்தது. 2023இல் மேற்கு வேர்ஜினியாப் பல்கலைக்கழகம் தான் நீக்கிய 28 சிறப்புப் பட்டநெறிகளோடு உலக மொழிகள் துறையையும் கலைக்கத் தீர்மானித்தது. இந்நிலையில் மொழித்துறையினர் பலர், இராசதந்திரம், வணிகம், மொழிபெயர்ப்பு முதலியவற்றில் வேலைவாய்ப்புண்டு என்றே வாதிடுகின்றனர். அவ்வாதம் பொய்யன்று, எனினும் போதுமானதன்று. சந்தையின் தேவையை மட்டும் காட்டி நிலைநாட்டப்படும் துறையை, அதே சந்தையைக் காட்டி நீக்கிவிடவும் முடியும்.

இதன் மெய்யான பயனை, ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்டிருந்த நாம் எளிதில் உணரலாம். பனோனையும் செசேரையும் நம்மிற் பலர் ஆங்கிலத்தின் வழியாகவே அறிந்துள்ளோம். ஒரு பேரரசின் மொழிக்குள்ளிருந்து எழுந்த எதிர்ப்புக் குரலை மற்றொரு பேரரசின் மொழியிலே கேட்கின்றோம். அவர்களை மூலத்திற் கற்பதற்கும், அவர்கள் எழுதாது விட்ட கிறியோல், வொலொவ் முதலிய மொழிகளின் மௌனத்தை உணர்வதற்கும் இக்கல்வி வழிசெய்கின்றது. துறையின் பெயரிலுள்ள எண்ணும்மை, பிரான்சை முதலிலும் ஏனையோரைப் பின்னிணைப்பாகவும் நிறுத்துமாயின் பழைய ஏற்றத்தாழ்வே தொடரும். இருபுறத்தையும் ஒரே வரலாற்றின் கூறுகளாகக் கற்பிக்கும்போதுதான் அப்பெயர் மாற்றம் பொருளுடையதாகும்.