கணிப்பொறிப் பெட்டியும் காற்றின் வழியும்

மாணவர்களே! கணிப்பொறி செய்யும் பணிகள் எண்ணற்றவை. அது கணக்கிடும், எழுத்துக் கோக்கும், படம் வரையும், விளையாட்டும் காட்டும். ஆயினும் இயற்பியலார் கண்கொண்டு நோக்கினால் அது செய்வது ஒன்றே. தான் பெறும் மின்னாற்றலை ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக மாற்றி வெளியே விடுகின்றது. 300 வாட் வாங்கும் கணிப்பொறி 300 வாட் வெப்பத்தைத் தருகின்றது. ஒரு மணி நேரத்தில் அவ்வெப்பம் மூன்றரை லிட்டர் நீரை அறையின் வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்கு ஏற்றப் போதுமானது. அதன் பெரும்பகுதி, அஞ்சல்தலை அளவே உள்ள இரண்டொரு சிலிக்கன் சில்லுகளில் தோன்றுகின்றது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இத்தொல்லை புதிதன்று. 1946-ல் அமெரிக்காவில் உலகறிய இயக்கிக் காட்டப்பெற்ற எனியாக் என்னும் கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அது 150 கிலோவாட் மின்னாற்றலை விழுங்கியது. அதனைக் குளிர்விக்கவே தனி ஊதுவிசிறிகளை அமைக்க வேண்டியிருந்தது. பின்னர்க் குழல் போய் டிரான்சிஸ்டர் வந்தது. 1978-ல் வெளிவந்த இன்டெல் 8086 என்னும் செயலியில் 29,000 டிரான்சிஸ்டர்களே இருந்தன. விசிறியின் துணையின்றியே அது இயங்கியது. அதே நிறுவனம் 2023-ல் வெளியிட்ட கோர் ஐ9-14900கே என்னும் செயலியோ, முழு வேகத்தில் 253 வாட் வரை வாங்குவது. சில்லு சிறுத்தது, வெப்பம் பெருத்தது.

இனி, பழைய கணிப்பொறியைப் புதுப்பிக்க விரும்பும் மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் முதலில் எண்ணுவது செயலியைப் பற்றி. அடுத்துக் கிராபிக்ஸ் கார்டைப் பற்றி. கடைக்காரர் கேபினெட் என்று வழங்கும் பெட்டியும், கூலர் என்று வழங்கும் குளிர்விப்பானும், எஞ்சிய பணத்திற்கு ஏற்பப் பட்டியலின் கடைசியில் வந்து சேர்கின்றன. அப்போதும் கண்ணாடிக் கதவும் வண்ண விளக்கும்தாம் தேர்வை முடிவு செய்கின்றன. (நம்மவரிற் பலர் பெட்டி முழுவதையும் சி.பி.யூ. என்று சொல்லிவிடுகின்றனர். அச்சொல் உள்ளே இருக்கும் செயலி ஒன்றையே குறிக்கும்.) இதனால் விளையும் தீங்கு யாது? பொறி எரிந்து போவதில்லை. வெப்பநிலை எல்லையைத் தொட்டவுடன் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு பிழைத்துவிடும். ஆனால் தந்தை அரும்பாடுபட்டுச் சேர்த்த பொருளைக் கொடுத்து வாங்கிய வேகம், கோடைக்காலம் முழுவதும் கைக்கு எட்டாமலே போகும். வாங்கியவருக்கு அது தெரிவதும் அரிது.

ஓம் விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் மின்னழுத்த வேறுபாடு கிடைக்கும். வெப்பத்திற்கும் அதனை ஒத்த கணக்கு உண்டு. பாயும் வெப்பத்தை வெப்பத்தடையால் பெருக்கினால் வெப்பநிலை வேறுபாடு கிடைக்கும். செயலியில் தோன்றிய வெப்பம், சில்லிலிருந்து அதன் உலோக மூடிக்கும், மூடியிலிருந்து குளிர்விப்பானுக்கும், அதிலிருந்து பெட்டிக்குள் உள்ள காற்றுக்கும், அக்காற்றோடு வெளியே அறைக்கும் செல்ல வேண்டும். ஒவ்வொரு படியிலும் சில டிகிரி கூடிக்கொண்டே வரும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிடுவோம். மே மாதத்தில் சென்னையில் ஒரு மாடியறை. அறைக்காற்றின் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸ். பெட்டிக்குள் உள்ள காற்று அதனினும் 10 டிகிரி கூடுதல் எனக் கொள்வோம், ஆக 45. செயலி தரும் வெப்பம் 100 வாட். குளிர்விப்பானின் தடை வாட்டுக்கு 0.3 டிகிரி, அதற்கு 30 கூட்டினால் 75. சில்லிலிருந்து குளிர்விப்பானை அடையும் வழிக்கு ஒரு 10. மொத்தம் 85 டிகிரி. 2022-ல் வந்த ஏ.எம்.டி. ரைசன் 5 7600எக்ஸ் என்னும் செயலிக்கு அந்நிறுவனம் வகுத்த எல்லை 95 டிகிரி. ஆகவே குறையில்லை. இப்போது அதே பொருள்களை, முகப்பு முழுதும் கண்ணாடியால் அடைபட்ட ஒரு பெட்டியில் வைப்போம். உட்புகும் காற்று பாதியாகிறது. காற்று பாதியானால் அதன் வெப்பநிலை ஏற்றம் இருமடங்காகும்; 10 என்றது 20 ஆகும். கூட்டுத்தொகை 95. எல்லை வந்துவிட்டது.

இந்நிலையில் பலர் செய்வது, விலை மிகுந்த வேறொரு குளிர்விப்பானை வாங்குவதே. அதன் தடை 0.2 என்றே கொள்வோம். மீதமாவது 10 டிகிரி. அதுவும் செயலிக்கு மட்டுமே. பெட்டியின் முகப்பைத் திறந்துவிட்டாலும் அதே 10 டிகிரி மீதமாகும். அந்த நன்மை கிராபிக்ஸ் கார்டுக்கும், நினைவகத்திற்கும், சேமிப்பகத்திற்கும் ஒருங்கே கிட்டும்.

ஆகவே பொருள் வாங்குமுன் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. அதற்குக் காசு செலவில்லை. கணிப்பொறியைக் கடினமான வேலையில் அரைமணி நேரம் ஓடவிட்டு, செயலியின் வெப்பநிலையையும் கிராபிக்ஸ் கார்டின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்க. இவற்றைக் காட்டும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பின் பொறியை நிறுத்தி, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, அதே வேலையை மீண்டும் அரைமணி நேரம் தருக. வெப்பநிலை பெரிதும் இறங்கினால் குற்றம் பெட்டியுடையது. இறங்காவிடில் குற்றம் குளிர்விப்பானிலோ, அதன் அடியில் காய்ந்துபோன பசையிலோ இருக்கின்றது.

என்னிடம் முன்பு பயின்ற ஒருவரின் மகன், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவன், புதிய கிராபிக்ஸ் கார்டு பொருத்திய பின் தன் பொறி கால்மணி நேரத்தில் தளர்வதாகக் கூறி, நீர்க் குளிர்விப்பான் வாங்கப் பணம் திரட்டிக்கொண்டிருந்தான். மேற்கூறிய சோதனையைச் செய்யுமாறு சொன்னேன். பக்கத் தகட்டைக் கழற்றியதும் தளர்ச்சி நின்றுவிட்டது. அவனுடைய பழைய பெட்டியின் முன்புறத்தில், இப்போது எவரும் பயன்படுத்தாத குறுந்தகட்டு இயக்கிகளுக்குரிய தட்டுகள் காற்றின் வழியை அடைத்து நின்றன. திருகுகளை நீக்கித் தட்டுகளை எடுத்தான். இரண்டு விசிறிகளை முகப்பில் பொருத்தினான். நீர்க் குளிர்விப்பானுக்கு என வைத்திருந்ததில் பெரும்பகுதி கையிலேயே தங்கிற்று.

இதிலிருந்து, பெட்டியைப் பற்றி நாம் கொள்ளவேண்டிய கருத்துத் தெளிவாகின்றது. அது பொருள்களை அடைத்து வைக்கும் பேழையன்று. காற்று ஓடும் வாய்க்கால். வாய்க்காலுக்குத் தலைமதகும் வேண்டும், கடைமடையும் வேண்டும். எவ்வளவு காற்று ஓட வேண்டும் என்பதையும் கணக்கிடலாம். ஒரு லிட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1.2 ஜூல் தேவை. நொடிக்கு 25 லிட்டர் காற்று 10 டிகிரி சூடேறிச் சென்றால் அது சுமந்து செல்வது 300 ஜூல், அதாவது 300 வாட். நம் பொறியின் வெப்பம் அதுவே. 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று நிமிடத்திற்கு 50 அல்லது 60 கன அடி காற்றைத் தள்ளும் என விற்பனைத் தாளில் குறித்திருப்பர். 53 கன அடி என்பது நொடிக்கு 25 லிட்டரே. அப்படியாயின் ஒரு விசிறி போதுமன்றோ? போதாது. அவ்வெண், தடையில்லாத வெட்டவெளியில் அளந்தது. முன்னே வலையும், பின்னே கம்பிகளும், இடையே தூசியும் இருக்கும் பெட்டியில் அதன் அளவு வெகுவாகக் குறையும். முகப்பில் இரண்டு, பின்புறத்தில் ஒன்று என்பது நடுத்தரமான பொறிக்கு ஏற்ற ஏற்பாடு. வெளியேற்றுவதினும் உள்ளிழுப்பது சற்று மிகுதியாக இருத்தல் நலம். அப்போது பெட்டிக்குள் அழுத்தம் சிறிது கூடி, சந்துபொந்துகள் வழியே காற்று வெளியேறுமேயன்றி உட்புகாது. உட்புகும் காற்று முழுவதும் முகப்பு வலை வழியாகவே வருவதால், தூசி அவ்வலையில் தங்கிவிடும். வலையை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவி, நன்கு உலர்த்தி மாட்டினால் போதும். செம்மண் தெருவை ஒட்டிய வீட்டினர் இன்னும் அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும்.

விசிறி எப்பக்கம் ஊதுகிறது என்பதில் பலரும் தடுமாறுகின்றனர். இறக்கைகளைத் தாங்கும் சட்டங்கள் உள்ள பக்கமே காற்று வெளிவரும் பக்கம். ஐயம் இருப்பின் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை முகப்பில் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் காற்று உள்ளே செல்கின்றது.

விசிறி பெரிதாக இருப்பது நன்று. சிறிய விசிறி விரைந்து சுழன்று தரும் காற்றை, பெரிய விசிறி மெல்லச் சுழன்றே தந்துவிடும். வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். ஆனால் இரைச்சல் ஏறத்தாழ 15 டெசிபல் குறைந்துவிடும். இரவில் வீட்டார் உறங்கும்போது படிக்கும் மாணவருக்கு இது சிறு நன்மையன்று. சுவீடன் நாட்டு ஃப்ராக்டல் டிசைன் நிறுவனம் 2021-ல் வெளியிட்ட டோரென்ட் என்னும் பெட்டியின் முகப்பில் 180 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டைக் காணலாம். 120 மில்லிமீட்டர் விசிறியினும் அதன் பரப்பு இரண்டேகால் மடங்கு. அப்பெட்டி மாணவர் விலைக்கு உரியதன்று. ஆனால் விலை குறைந்த பெட்டிகளிலும் கம்பிவலை முகப்பு உள்ளவை கிடைக்கின்றன, அவற்றைத் தேடுக.

அளவுகளைப் பற்றி ஒரு சொல். 1995-ல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அமைப்பு இன்றும் வழக்கில் உள்ளது. அதன்படி மதர்போர்டு 305 மில்லிமீட்டர் நீளமும் 244 மில்லிமீட்டர் அகலமும் உடையது, மைக்ரோ வகை இருபுறமும் 244, மினி ஐ.டி.எக்ஸ். வகை 170. ஆதலின் பழைய பெட்டியில் புதிய போர்டு பெரும்பாலும் பொருந்தும். நிறுவனங்கள் முழுமையாகச் செய்து விற்கும் அலுவலகக் கணிப்பொறிகள் சில இதற்கு விலக்கு. அவற்றின் போர்டும், எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கியும் தனி வடிவம் உடையவை. அடுத்து, கிராபிக்ஸ் கார்டின் நீளத்தைப் பாருங்கள். என்விடியா நிறுவனம் 2022-ல் தானே வெளியிட்ட ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டின் நீளம் 304 மில்லிமீட்டர். அது பல பழைய பெட்டிகளில் நுழையாது. மூன்றாவது, குளிர்விப்பானின் உயரம். ஆஸ்திரிய நாட்டு நாக்டுவா நிறுவனத்தின் என்.எச்.-டி15 என்பது 165 மில்லிமீட்டர் உயரமானது. பெட்டியின் விவரத்தாளில் இடைவெளி 155 என்று இருந்தால் பக்கக் கதவை மூட இயலாது. அளவுகோலும் தாளும் எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்வதில் வெட்கம் ஏதுமில்லை.

இனிக் குளிர்விப்பான். காற்றால் குளிர்விப்பதில் வியப்புக்குரிய உறுப்பு, அதிலுள்ள செப்புக் குழாய். அது வெறும் கம்பியன்று. காற்றை நீக்கிய குழாயினுள் சிறிதளவு நீர் அடைபட்டிருக்கும். அழுத்தம் குறைவாதலால் அந்நீர் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகி, மேலுள்ள தகடுகளுக்கு விரைந்து சென்று, அங்கே வெப்பத்தைக் கொடுத்து நீராகி, குழாயின் உட்புறத்திலுள்ள நுண்துளைப் படலத்தின் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், மீண்டும் அடிக்கு வந்துவிடும். எந்த மோட்டாரும் இன்றி ஓயாது நடக்கும் சுழற்சி இது.

நீர்க் குளிர்விப்பானில் பம்பு ஒன்று நீரைக் குழாய்களின் வழியே ரேடியேட்டருக்குச் செலுத்துகின்றது. சம கன அளவில் நீர், காற்றினும் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும் என்பது மெய்யே. ஆனால் அந்நீர் தன் சுமையை இறுதியில் இறக்கிவைப்பது காற்றிடமே அன்றோ? காற்று ஓடாத பெட்டியில் நீரும் தவிக்கும். பம்பு நின்றால் பயன் உடனே போய்விடும். காற்றுக் குளிர்விப்பானில் விசிறி நின்றாலும் உலோகத் தகடுகள் ஓரளவு உதவும். 65 முதல் 120 வாட் வரையுள்ள செயலிக்கு நல்ல காற்றுக் குளிர்விப்பானே போதும் என்பது என் கருத்து. 250 வாட்டை நெருங்கும் செயலி உடையவர் நீரை நாடலாம். அவரும் ரேடியேட்டரைப் பம்பினும் உயரமாக அமைக்க வேண்டும். இல்லையெனில் குழாயிலுள்ள காற்றுக்குமிழ் பம்பில் போய்த் தங்கும்.

காற்றாயினும் நீராயினும், அறையின் வெப்பநிலைக்குக் கீழே எதனாலும் இறக்க இயலாது. மின்விசிறியின் கீழ் அமர்ந்தால் நமக்குக் குளிர்கின்றதே என்பீர்கள். நம் மேனியில் வியர்வை ஆவியாவதால் நேர்வது அது. செயலி வியர்ப்பதில்லை.

பொருத்தும் வேலையை மின்கம்பியைப் பிடுங்கிய பின் செய்க. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை எக்காரணத்தாலும் திறக்க வேண்டா. மின்சாரம் நின்ற பின்னும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும். செயலியின் மூடியைத் துடைத்து, பட்டாணி அளவு தெர்மல் பேஸ்ட் இட்டால் போதும். கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களிலுள்ள காற்றை அகற்றி அவ்விடத்தை நிரப்புவதே அதன் வேலை. மிகுதியாக அப்பினால் பயன் கூடாது. திருகுகளைக் குறுக்கு மூலைகளாக, சிறிது சிறிதாக முடுக்குக. அதற்குமுன் குளிர்விப்பானின் அடியைத் திருப்பிப் பாருங்கள். அங்கே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று ஒட்டியிருக்கலாம். அதனை உரித்தெடுத்த பிறகே செயலியின் மேல் வைக்க வேண்டும்.