வடநாடு சென்று மீளும் லாரி ஓட்டுநர்களின் உறக்கம்

கரூர்ப் படுக்கை விரிப்புகளும், ஈரோட்டு மஞ்சளும், சேலத்து ஜவ்வரிசியும் வடநாட்டுச் சந்தைகளுக்குப் பெரிதும் லாரிகளிலேயே செல்கின்றன என்பதை உறுப்பினர்கள் அறிவார்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் நெசவாளர், உழவர் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அந்த லாரிகளை ஓட்டுகின்றனர். பல நாட்பயணம் முடித்து வீடு திரும்பும் ஓட்டுநர், பாயில் படுத்தும் உறக்கம் பிடிக்காமல் புரளுவதுண்டு. இத்தனை களைப்பிருந்தும் ஏன் உறக்கம் வரவில்லை என்று வீட்டார் வியக்கின்றனர். சிலர் குறை கூறவும் செய்கின்றனர். இதன் காரணத்தை வீட்டாரும் சங்கத்தாரும் அறிதல் நலம்.

முதலில் பயணத்தின் அளவைக் காண்போம். சேலத்திலிருந்து பெங்களூர், ஐதராபாத், நாகபுரி, ஜான்சி, ஆக்ரா வழியே டெல்லி சேர ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் ஓட வேண்டும். மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் எனக் கொண்டால், சக்கரம் சுழலும் நேரம் மட்டுமே 57 மணிக்கு மேலாகும். நாளொன்றுக்கு 8 மணி நேரம் ஓட்டினால் ஏழு நாட்களுக்கு மேல் செல்லும். நான்கே நாளில் சரக்குச் சேர வேண்டும் என்று நாம் கேட்டால், ஒற்றை ஓட்டுநர் நாள்தோறும் 14 மணி நேரத்திற்கு மேல் ஓட்டியாக வேண்டும். பெருநகரங்கள் பலவற்றுள் பகலில் கனரக வண்டிகளுக்கு அனுமதி இல்லாமையால், இரவு ஓட்டமும் தவிர்க்க இயலாததாகிறது.

இனி உடலின் இயல்பைக் கருதுவோம். நமக்கு உறக்கம் வருவது இரண்டு காரணங்களால் ஆகும். விழித்திருக்கும் நேரம் நீள நீளக் களைப்பு மிகுவது ஒன்று. மூளையின் அடிப்பகுதியில் அமைந்த சிறு நரம்பணுத் தொகுதி, ஒரு கடிகாரம் போல உறங்கும் வேளையையும் விழிக்கும் வேளையையும் வகுத்துத் தருவது மற்றொன்று. உயிர்களின் இக்கடிகாரம் இயங்கும் முறையைக் கண்டறிந்த அறிவியலார் மூவர்க்கு 2017-ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இக்கடிகாரத்தைத் திருத்தி வைப்பது கண்ணிற் படும் ஒளியே; அதிலும் காலை ஒளி சிறப்புடையது. பல இரவுகள் விழித்து, பகலில் வெக்கையிலும் இரைச்சலிலும் அரைகுறையாகக் கண்ணயர்ந்தவரின் கடிகாரம் நிலை குலைந்திருக்கும். அவர் வீடு வந்ததும் களைப்பு பாயை நாடச் செய்கிறது. கடிகாரமோ விழித்திரு என்கிறது. வழியெல்லாம் தார்ப்பாயையும் டீசலையும் காத்த எச்சரிக்கையும் உடனே அடங்குவதில்லை. விழிப்பிற்காகப் பருகிய தேநீரின் வேகமும் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம் போலாகும். எனவே இவ்வுறக்கமின்மை சோம்பலுமன்று, மனக்குறையுமன்று.

இதனை எளிதாகக் கருதலாகாது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 50 மில்லி கிராம் மது கலந்தவரின் நிலைக்குத் தாழ்கிறது என்று 1997-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நம் நாட்டுச் சட்டம் ஓட்டுநர்க்கு இடும் வரம்பு 30 மில்லி கிராம்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு வினாடி கண் அயர்ந்தால் வண்டி 66 மீட்டர் ஓடிவிடும். வீட்டில் உறங்காதவர் மறுநாளே அடுத்த லோடுக்கு அழைக்கப்படின், இந்த அபாயத்தையும் உடன் ஏற்றிக்கொண்டே புறப்படுகிறார்.

வீட்டார் செய்யத்தக்கன சில உண்டு. காலையில் வந்து சேர்ந்தவரை இருண்ட, அமைதியான அறையில் இரண்டு மணி நேரம் போல உறங்கவிட்டு எழுப்புதல் நன்று. பின்னர் அவர் வெயிலில் சிறிது நடமாட வேண்டும். பிற்பகலுக்குப் பின் தேநீரும் காப்பியும் வேண்டா. இரவில் வழக்கமான நேரத்தில் படுத்து, காலையில் ஒரே நேரத்தில் எழுவாராயின், சில நாட்களில் கடிகாரம் சீர்ப்படும். மது உறக்கத்தைத் தருவது போலத் தோன்றினும் பின்னிரவு உறக்கத்தைக் கெடுத்துவிடும். உறக்க மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் உட்கொள்ளலாகாது. உரத்த குறட்டையும் இடையே மூச்சு நிற்றலும் காணின் மருத்துவரை நாடுக.

சரக்கு அனுப்புவோரின் பொறுப்பும் இதில் உண்டு. நாளொன்றுக்கு 8 மணி நேரமே வேலை, தொலைதூர ஓட்டத்தில் மிகுந்தால் 10 மணி என 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வரையறுத்தது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டது. இவை நன்றே. ஆயினும் சரக்குச் சேர வேண்டிய நாளைக் குறிப்பவர்கள் நாமே அல்லவா?

ஆகவே சங்கங்கள் தொலைவைக் கணக்கிட்டு நாள் குறிப்பிடுக. விரைவு தேவையெனில் இரண்டு ஓட்டுநர்களுக்கு உரிய வாடகையைத் தருக. லாரி வந்து நிற்குமுன் பேல்களையும் மூட்டைகளையும் ஆயத்தமாக வைத்து, ஓட்டுநர் வீணே காத்திருக்கும் நேரத்தைக் குறைத்திடுக. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இம்மூன்றையும் வாடகை ஒப்பந்தத்தில் சேர்ப்பது பற்றி உறுப்பினர்கள் ஆலோசிப்பார்களாக.