மான்கொம்பு முத்திரையும் சங்க முத்திரையும்

சரக்கில் பதியும் முத்திரை வெறும் அலங்காரமன்று. செய்தவர் இன்னார் என்று கூறும் சாட்சியுமாகும். இதனை ஆயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு முற்பட்ட சில மண்கலங்கள் நமக்கு விளக்குகின்றன.

இங்கிலாந்தில் சஃபோக் பகுதியைச் சேர்ந்த வெஸ்ட் ஸ்டோ என்னுமிடத்தில் 1965 முதல் 1972 வரை அகழ்வாய்வு நடைபெற்றது. கி.பி. 5 முதல் 7-ஆம் நூற்றாண்டு வரை ஆங்கிலோ-சாக்சன் மக்கள் வாழ்ந்த குடியிருப்பு அங்கு வெளிப்பட்டது. கிடைத்த பொருள்களுள் மான்கொம்பில் செதுக்கிய முத்திரை அச்சும் உண்டு.

ஆண் மான் ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்து மீண்டும் வளர்க்கும். மாட்டுக்கொம்பைப் போல் அது உள்ளே குடைவானதன்று. எலும்பேயாதலால் நுண்ணிய செதுக்கலைத் தாங்கும். கைவினைஞர் கொம்பின் கிளை நுனியை அறுத்து, முகத்தைச் சமமாகத் தேய்த்து, சிலுவை, வட்டம், கட்டம் முதலிய உருக்களைச் செதுக்கினர். சக்கரமின்றிக் கையால் வனைந்த கலம் பாதி உலர்ந்த பக்குவத்தில் அச்சை அழுத்திப் பின்னர் சுட்டனர். ஈரம் மிகுந்தால் மண் அச்சில் ஒட்டும். காய்ந்துவிட்டால் உரு பதியாது.

இறந்தோரின் சாம்பலை இட்டுப் புதைத்த தாழிகளிலும் இம்முத்திரைகள் உள்ளன. இல்லிங்டன், லாக்ஃபோர்டு என்னும் இரு வேறு ஊர்களின் இடுகாட்டுத் தாழிகளில் ஒரே அச்சின் பதிவுகளைக் கண்ட அறிஞர்கள், அவை ஒரே தொழிற்கூடத்தினின்றும் வந்தவை எனக் கொண்டனர். செய்தவர் பெயர் மறைந்தது, கைத்தடம் மறையவில்லை.

நம் நாட்டிலும் இத்தகைய சான்றுகள் உண்டு. கீழடி பற்றித் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை, தக்களியோடு கூர்முனை எலும்புக் கருவிகளையும் நெசவுத் தொழிலின் சான்றாகக் காட்டுகிறது. அங்குக் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் முதலிய பெயர்கள் தமிழ்ப் பிராமியில் கீறப்பட்டுள்ளன.

இக்காலத்தில் விளைபொருளுக்கு 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அக்மார்க்கும், கைத்தறித் துணிக்கு 2006-இல் ஏற்பட்ட கைத்தறி முத்திரையும் உள்ளன. முள்ளுக்குறிச்சி அங்கத்தினர்களுக்கு நாம் வற்புறுத்துவது ஒன்றே: மலை மிளகாயினும் தறித்துணியாயினும், வெளியார் சரக்குக்குச் சங்க முத்திரையை இரவல் தரலாகாது. விசைத்தறித் துணி கைத்தறியென விலைபோனால், இரவல் தந்தவருக்கு ஒருமுறை ஆதாயம். அடுத்த வீட்டுத் தறிக்காரருக்கோ நெடுநாள் நஷ்டம். முத்திரைக்கட்டை காரியதரிசியின் பூட்டில் இருக்கட்டும்; பதிந்த ஒவ்வோர் உருப்படியும் தறி எண்ணுடன் பதிவேட்டில் ஏறட்டும்.

மலைவாழ் அங்கத்தினர்க்கு மற்றொரு சொல்: காட்டில் உதிர்ந்து கிடக்கும் மான்கொம்பேயாயினும், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதனை விற்றல் குற்றமாகும். அச்சுக்கு நல்ல மரக்கட்டையே போதும். அதைப் பதிக்கும் கை நேர்மையாயிருத்தல் வேண்டும்.